ரவி வர்மாவும் பெயர் இல்லாத முகங்களும்



இந்த இதழுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. நம்ம டிபார்ட்மென்ட்டுக்குப் பொருத்தமா ஏதாவது ஒரு விஞ்ஞானியைப் பிடிச்சு எழுதிடலாம்னுதான் இருந்தேன். செமஸ்டர் லீவுக்கு ஆரணி போயிட்டு வந்ததும் ஆள் மாறிட்டாரு. ஏன்னு முதல்ல சொல்லிடுறேன்.

எங்க தெருவுல காலைல கண்ணு முழிக்கிறதே தறிச் சத்தத்துலதான். பெரியப்பா வீட்டுல ரெண்டு தறி ஓடுது. பெரியப்பா பொண்ணு, எனக்கு அக்கா, பி.காம் முடிச்சுட்டு பேங்க் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்காங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு கடைக்காரங்க வந்து, பட்டுப் புடவைக்குப் போட்டோ எடுக்கணும், ஒரு நாள் வேலைதான்னு கேட்டிருக்காங்க. அக்காவும் போனாங்க. காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி ஏழு வரைக்கும் இருபத்திரெண்டு புடவை மாத்தி மாத்திக் கட்டி நின்னாங்க. உடை மாத்த தனி ரூம் கிடையாது. சரக்கு வைக்கிற ரூம்ல ஒரு திரை, அவ்வளவுதான். கடைசில கையில 1,500 ரூபாயும் ஒரு புடவையும் குடுத்தாங்க. எழுத்துல எதுவும் இல்ல.

ஆறு மாசம் கழிச்சு அதே முகம் நாங்க கேள்வியே படாத ஒரு ஊர்க் கடையோட விளம்பரத்துல வந்துச்சு. இன்னொரு விளம்பரத்துல முகம் மட்டும்தான் அக்காவோடது. உடம்பு, ரவிக்கை, நிக்கிற விதம் எல்லாமே ஏஐ போட்டது. அக்கா வாழ்க்கையில போட்டுக்கவே மாட்டாங்க, அந்த மாதிரி ரவிக்கை. பெரியப்பா கடைக்குப் போய்க் கேட்டார். காசு குடுத்தாச்சு, அப்புறம் படம் எங்களோடதுதானேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி பெரியப்பா வீட்டுல யாரும் அதிகம் பேசல. சாப்பிட்டுட்டு நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சாமி மாடத்துக்கு மேல எங்க தாத்தா காலத்து லட்சுமி படம். தாமரை மேல நிக்கிற, பட்டுப் புடவை கட்டின லட்சுமி. உங்க வீட்டுலயும் இருக்கும். ரவி வர்மா போட்ட லட்சுமி இல்லேன்னா, அதைப் பாத்து வேற யாராவது போட்ட லட்சுமி. திடீர்னு ஒரு கேள்வி வந்துச்சு. இந்தப் படத்துக்கு முன்னாடி ஒரு நிஜப் பொண்ணு புடவை கட்டி நின்னிருப்பா இல்ல? அவ யாரு? அவளுக்கு என்ன குடுத்தாங்க?

அந்தக் கேள்விக்குப் பின்னாடி போனதுதான் இந்தக் கட்டுரை.

கிளிமானூர்ப் பையன்

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29-ல் திருவிதாங்கூர்ல இருக்கிற கிளிமானூர் அரண்மனையில பொறந்தார். அம்மா உமையம்பா கவிதை எழுதினவர். மாமா ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில படம் வரையத் தெரிஞ்சவர். சின்ன வயசுல பையன் சுவர் முழுக்க கரியால கிறுக்கி வெச்சதைப் பாத்து, திட்டாம கையில தூரிகை குடுத்தது இந்த மாமாதான்னு சொல்வாங்க.

1862-ல், 14 வயசுப் பையனை மாமா திருவனந்தபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவோட அரண்மனை. அங்கதான் ரவி வர்மா ஆயில் பெயிண்டிங்கைப் பாத்தார். அந்தக் காலத்துல அது இங்க புது டெக்னாலஜி. நம்ம ஊர்ப் படங்கள்ல பயன்படுத்தின வண்ணம் சீக்கிரம் காஞ்சிடும். எண்ணெய்ல குழைச்ச வண்ணம் மெதுவா காயும். அதனால நிழலையும் வெளிச்சத்தையும் ஒண்ணோட ஒண்ணு இழைச்சுக் கொண்டுவர முடியும். தோல் தோல் மாதிரி தெரியும், பட்டு பட்டு மாதிரி மின்னும்.

ஆனா சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. அரண்மனையில இருந்த ராமசாமி நாயக்கர் மதுரைப் பக்கத்து ஓவியர். ஆயில் பெயிண்டிங்ல கை தேர்ந்தவர். பையனுக்குக் கத்துக்குடுக்க மறுத்துட்டார். அவரோட மாணவர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாம வந்து சொல்லிக் குடுத்ததா ஒரு கதை உண்டு. 1868-ல் தியோடர் ஜென்சன்னு ஒரு ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடமா எதுவும் எடுக்கல. வரையும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கோன்னு விட்டார். பாத்தே கத்துக்கிட்டார் ரவி வர்மா.

தொழில் தெரிஞ்சவன் கதவைச் சாத்தினா, வெளிய நிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். இதை மனசுல வெச்சுக்கோங்க.

தலைப்புல யாரு பேரு இருக்கு?

1873-ல் சென்னையில நடந்த கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். கூந்தல்ல மல்லிகைச் சரம் சூடிக்கிற ஒரு நாயர் பெண். கவர்னரோட தங்கப் பதக்கம் கிடைச்சுது. அதே வருஷம் வியன்னா கண்காட்சிக்கும் போய் அங்கயும் பரிசு வாங்குச்சு. அடுத்த வருஷம் சென்னைக்கு இன்னொரு படம். ஸ்வரபத்ங்கிற நரம்புக் கருவியை வாசிக்கிற ஒரு தமிழ்ப் பெண். அதுக்கும் பதக்கம். 1875-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தப்போ திருவிதாங்கூர் மகாராஜா அந்தத் தமிழ்ப் பெண் படத்தை அவருக்குப் பரிசாவே குடுத்தார்.

27 வயசுல பேரும் புகழும் வந்தாச்சு. அப்புறம் ராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வரிசையில நின்னாங்க. 1878-ல் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவை வரைஞ்சார். பிறகு பரோடா. திருவிதாங்கூர்ல திவானா இருந்த டி. மாதவ ராவ் அப்போ பரோடாவுக்குத் திவானா இருந்தார். அவர் மூலமா சாயாஜிராவ் கெய்க்வாடோட தொடர்பு கிடைச்சுது. மைசூர், உதய்ப்பூர்னு அரண்மனை அரண்மனையாப் பயணம். தம்பி சி. ராஜராஜ வர்மா கூடவே இருந்தார். அவரும் ஓவியர். பல படங்கள்ல பின்னணி தம்பி கைவண்ணம்.

இப்போ படத் தலைப்புகளை மட்டும் ஒரு லிஸ்ட்டா போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் பக்கிங்ஹாம் பிரபு, சாயாஜிராவ் கெய்க்வாட், மாதவ ராவ். இன்னொரு பக்கம் நாயர் பெண், தமிழ்ப் பெண், மராத்திப் பெண், மலபார் அழகி, பம்பாய்ப் பாடகி.

ரெண்டு பக்கமும் நிஜ மனுஷங்கதான். ரெண்டு பக்கமும் ஓவியர் முன்னாடி மணிக்கணக்கா அசையாம உக்காந்தவங்கதான். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. காசு குடுத்து உக்காந்தவருக்குப் பேரு இருக்கு. காசு வாங்கிக்கிட்டு உக்காந்தவங்களுக்கு சாதி, ஊரு, வேலை மட்டும்தான் இருக்கு.

படத்துக்கு உக்கார யாரு வருவா?

அந்தக் காலத்துல ஒரு ஆம்பளை ஓவியர் முன்னாடி வந்து உக்காரக் குடும்பப் பெண்களை விடமாட்டாங்க. ரவி வர்மாவுக்கு மாடல் கிடைக்கிறது பெரிய பாடா இருந்துச்சு. அதனால மூணு வழி. ஒண்ணு, சொந்த வீட்டுப் பெண்கள். ரெண்டாவது, பாட்டும் ஆட்டமும் தொழிலா இருந்த பெண்கள். பம்பாய்ல கோவாப் பக்கத்துல இருந்து வந்த இசைக் குடும்பத்துப் பெண்கள் இப்படி உக்காந்தாங்க. மூணாவது, போட்டோகிராஃப்.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் 1893-ல் வரைஞ்ச 'இதோ அப்பா வருகிறார்'. கையில குழந்தையோட ஒரு தாய், தூரத்துல வர்ற கணவனைக் காட்டுறா. அந்தத் தாய் ரவி வர்மாவோட மகள் மகாபிரபா. தலைப்புல பேரு இல்லேன்னாலும் அவங்க யாருன்னு நமக்குத் தெரியும், ஏன்னா அவங்க அரண்மனைப் பொண்ணு. 1900-ல் அவங்க மகள் சேது லட்சுமி பாயைத் திருவிதாங்கூர் ராஜ குடும்பம் தத்தெடுத்துச்சு. பின்னாடி அந்த ராஜ்யத்தையே ஆண்டவங்க.

ரெண்டாவது வழிக்கு ஒரு பேரைச் சொல்லலாம். இந்துஸ்தானி பாடகி அஞ்சனிபாய் மால்பேகர். இளம் வயசுல ரவி வர்மாவுக்கு மாடலா இருந்தவர்னு இசை வட்டாரத்துல பேசுறது உண்டு. 1958-ல் சங்கீத நாடக அகாடமி அவரைக் கௌரவிச்சுது. கவனிங்க, அவர் பேரு நிலைச்சது குரலால. முகத்தால இல்ல. பாட்டுன்னு தனியா ஒரு தொழில் கையில இல்லாத மத்த பெண்கள் வெறும் மராத்திப் பெண்ணாவே நின்னுட்டாங்க.

இங்க ஒரு கணக்கு இருக்கு. படத்துக்கு நிக்கிறது கேவலம்னு ஊரு சொல்லுது. அதனால அந்த வேலைக்கு வேற வழி இல்லாதவங்கதான் வர்றாங்க. வந்தவங்களால கூலி பத்தியோ, மரியாதை பத்தியோ வாய் திறந்து கேக்க முடியாது. கேட்டா, நீதான் படத்துக்கு நிக்கிறவளாச்சேன்னு சொல்லுவாங்க. கேவலம்ங்கிற அந்தப் பேச்சுதான் கூலியையும் குறைக்குது, வாயையும் அடைக்குது.

இது எவ்வளவு ஆழமான விஷயம்னா, ரவி வர்மா பேர்ல இருந்த அச்சகத்துல வேலை பாத்த ஒருத்தர் பின்னாடி சினிமா எடுக்கக் கிளம்பினார். தாதாசாகேப் பால்கே. 1913-ல் வந்த ராஜா ஹரிச்சந்திராவுல தாராமதி வேஷத்துக்கு ஒரு பொண்ணுகூடக் கிடைக்கல. கடைசில சாளுங்கேன்னு ஒரு ஆம்பளை புடவை கட்டி நடிச்சார்.

புடவை கட்டின தேவிகள்

1888-ல் பரோடா மகாராஜா புராணப் படங்கள் பதினாலு வேணும்னு கேட்டார். சகுந்தலை, தமயந்தி, சீதைக்கெல்லாம் என்ன உடை போடுறது? இந்தியாவுல ஊருக்கு ஊரு உடை வேற. அண்ணனும் தம்பியும் வட இந்தியா முழுக்கச் சுத்திப் பாத்துட்டு வந்து, புடவைன்னு முடிவு பண்ணாங்க.

இன்னைக்கு நமக்கு இது சாதாரணமாத் தெரியும். ஆனா தேவின்னா பட்டுப் புடவை, கொசுவம், நெத்திப் பொட்டு, தலை நிறைய பூன்னு நம்ம மனசுல பதிஞ்சிருக்கிற உருவத்துல பெரிய பங்கு இந்தப் படங்களுக்கு உண்டு. இன்னைக்கு ஒரு புடவைக் கேட்டலாக்கைப் புரட்டிப் பாருங்க. தலையை லேசாச் சாய்ச்சு, ஒரு கை முந்தானையில, இன்னொரு கையில வீணையோ விளக்கோ. போட்டோகிராஃபருக்குத் தெரியுமோ தெரியாதோ, அது ரவி வர்மா நிக்க வெச்ச போஸ்.

1893-ல் சிகாகோவுல உலகக் கண்காட்சி. விவேகானந்தர் பேசின அதே ஊரு, அதே வருஷம். ரவி வர்மா பத்துப் படம் அனுப்பினார். எல்லாமே இந்தியாவுல பல பகுதிப் பெண்களோட வாழ்க்கை. கடல் கடந்தா சாதிக் கட்டுப்பாடு, அதனால அவர் போகல. படங்கள் மட்டும் போய்ப் பரிசோட வந்துச்சு. இந்தியப் பெண்கள் யாருன்னு உலகத்துக்குக் காட்டினது அந்தப் பெண்களோட முகம். விருதுப் பத்திரத்துல இருந்தது வரைஞ்சவர் பேரு.

கல்லுல அச்சாகிற முகம்

இனிமேதான் நம்ம இன்ஜினியரிங் ஏரியா.

ரவி வர்மா படம் ஒண்ணு வாங்கணும்னா ராஜாவா இருக்கணும். மாதவ ராவ் 1880-கள்லயே ஒரு யோசனை சொன்னார். ஒரு கை எத்தனை படம் வரைய முடியும்? அச்சடிச்சு எல்லாருக்கும் குடுக்கலாமேன்னு. பத்து வருஷம் கழிச்சு, 1894-ல், பம்பாய்ல ரவி வர்மா அச்சகம் ஆரம்பமாச்சு. மெஷினும் டெக்னீஷியன்களும் ஜெர்மனில இருந்து வந்தாங்க.

முறை பேரு குரோமோலித்தோகிராஃபி. சுண்ணாம்புக் கல் ஒண்ணை வழவழப்பாத் தேய்ச்சு, கொழுப்புக் கலந்த மையால அது மேல வரைவாங்க. கல்லைத் தண்ணீரால நனைச்சா, வரைஞ்ச இடத்துல தண்ணி ஒட்டாது. அப்புறம் அச்சு மையை உருட்டினா, அது கொழுப்பு இருக்கிற இடத்துல மட்டும் ஒட்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். நிறம் கூடக்கூட கல்லும் கூடும். ஒவ்வொரு கல்லும் மயிரிழை பிசகாம அதே இடத்துல உக்காரணும். கடைசில வார்னிஷ் அடிச்சா ஆயில் பெயிண்டிங் மாதிரியே மின்னும். இதுக்குத்தான் ஓலியோகிராஃப்னு பேரு.

கோயிலுக்குள்ளயே விடாத சாதிக்காரங்க வீட்டுச் சுவத்துக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்தது இந்தக் கல்லால. சில ரூபாய்க்கு, சில அணாவுக்கு சாமி வீட்டுக்கு வந்துச்சு. இது சின்ன சாதனை இல்ல. ரவி வர்மாவை நான் மதிக்கிறதுக்கு முதல் காரணமும் இதுதான்.

ஆனா இன்னொரு பக்கமும் உண்டு. அதுவரைக்கும் ஒரு பொண்ணு படத்துக்கு உக்காந்தா, அவ முகம் ஒரு கேன்வாஸ்ல இருக்கும். ஒரு அரண்மனைச் சுவத்துல தொங்கும். அச்சகம் வந்த பிறகு அதே முகம் ஆயிரக்கணக்குல போகும். பின்னாடி காலண்டர்ல, தீப்பெட்டி மேல, துணி பேல் மேல ஒட்டுற லேபிள்லயும் வந்துச்சு. உக்காந்த நேரம் அதே நேரம்தான். முகம் போற தூரம் மட்டும் பல மடங்கு ஆயிடுச்சு. கூலி? உக்காந்த நேரத்துக்குத்தான். அச்சடிச்ச ஒவ்வொரு படத்துலயும் அவளுக்கு ஒரு பங்கு உண்டுங்கிற பேச்சே அன்னைக்குக் கிடையாது.

இதுக்கு ரவி வர்மாவைக் குத்தம் சொல்றது சரியா? நூத்தி முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்தவரை இன்னைக்கு ரூல் புக்கை வெச்சு மார்க் போட முடியாது. அவரே அந்த மெஷின்கிட்டத் தோத்தவர்தான். அச்சகம் கடன்ல ஓடுச்சு. பம்பாய்ல பிளேக் வந்து தொழில் படுத்துச்சு. மலவ்லிக்கு, அதான் லோனாவ்லா பக்கம், அச்சகத்தை மாத்தினாங்க. அப்பவும் நிமிரல. 1900-களோட தொடக்கத்துல அச்சகத்தையும் படங்களோட அச்சுரிமையையும் தன்கிட்ட வேலை பாத்த ஜெர்மன் டெக்னீஷியன் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கே வித்துட்டார். அதுக்கப்புறம் அந்தப் படங்களை எங்க, எப்படி, எந்தச் சரக்கோட ஒட்டினாங்கங்கிறதுல ரவி வர்மாவுக்கே பேச்சு இல்ல. வரைஞ்சவருக்கே இல்லேன்னா, நின்னவளுக்கு எங்க இருந்து வரும்?

1904-ல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் குடுத்துச்சு. 1905 தொடக்கத்துல தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்த கை. சர்க்கரை நோயும் படுத்தி எடுத்துச்சு. 1906 அக்டோபர் 2-ல் ரவி வர்மா காலமானார். வயசு 58.

அப்புறமும் அந்த முகங்கள் உழைச்சுக்கிட்டே இருக்கு

1979-ல் ரவி வர்மாவோட படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமா அறிவிச்சாங்க. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 2008-ல் ஒரு பிரபல ஜவுளி நிறுவனம் ரவி வர்மாவோட பதினோரு படங்களைப் பட்டுலயே நெஞ்சு ஒரு புடவை செஞ்சுது. விலை சுமார் 40 லட்சம். கின்னஸ்லயும் வந்துச்சு. முந்தானையில இருந்தது மைசூருக்காக வரைஞ்ச இசைக் கலைஞர்கள் படம். இந்தியாவோட பல பகுதியைச் சேர்ந்த பதினோரு பெண்கள் கூடி உக்காந்திருக்கிற படம். 2023-ல் அவர் வரைஞ்ச யசோதையும் கிருஷ்ணனும் 38 கோடிக்கு ஏலம் போச்சு.

கோடிக்கணக்குல விலை ஏறுது. அந்த யசோதை யாருன்னு ஏலத்துல யாரும் கேக்கல.

இதே கதை, ஏஜென்சி வந்த பிறகு

மாடலிங் ஏஜென்சிங்கிறது 1923-ல் நியூயார்க்ல ஜான் ராபர்ட் பவர்ஸ்ங்கிறவர் ஆரம்பிச்சது. நடிப்பு வாய்ப்பு இல்லாத தன்னோட நண்பர்கள் படங்களை ஒரு கேட்டலாக்காப் போட்டு விளம்பரக்காரங்ககிட்ட நீட்டினார். நல்ல ஐடியா. முகம் தேடுறவங்களுக்கும் வேலை தேடுறவங்களுக்கும் நடுவுல ஒரு பாலம். ஆனா பாலத்துல நிக்கிறவர் யாருக்கு வேலை செய்யுறார்? மாடலுக்கா, கம்பெனிக்கா? ரொம்ப காலம் அதுக்குத் தெளிவான பதில் இல்ல.

2012-ல் சாரா ஜிஃப்ங்கிற மாடல், மாடல் அலையன்ஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். அதோட நீண்ட போராட்டத்துக்கு அப்புறம் நியூயார்க் மாநிலத்துல ஒரு சட்டம் வந்து 2025 ஜூன்ல அமலுக்கு வந்திருக்கு. அதுல என்ன இருக்கு? ஏஜென்சி அரசுகிட்டப் பதிவு பண்ணணும். மாடலோட நலனுக்குத்தான் அது முதல்ல கட்டுப்பட்டது. கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாள்ல 8 மணி நேரத்துக்கு மேல போனா கூடுதல் சம்பளம். மாடலோட உருவத்தை ஏஐ-ல் நகல் எடுக்கணும்னா தனியா எழுத்துல சம்மதம் வாங்கணும்.

நம்ம நாட்டுல குழந்தை நடிகர்களுக்கு விதி இருக்கு. 2017-ல் வந்த திருத்த விதிப்படி ஒரு குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல, ஓய்வு இல்லாம 3 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. சம்பாத்தியத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல பேங்க்ல போடணும். பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013-ல் இருந்தே இருக்கு. ஆனா போட்டோ விஷயத்துல காப்புரிமைச் சட்டம் பாக்கிறது எடுத்தவரையும், காசு குடுத்து எடுக்கச் சொன்னவரையும்தான். படத்துல நிக்கிறவங்களுக்கு அதுல உரிமை வராது. 2023-ல் அனில் கபூர் தன்னோட முகம், குரலை அனுமதி இல்லாம யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு டெல்லி உயர் நீதிமன்றத்துல உத்தரவு வாங்கினார். சந்தோஷம். ஆனா அவர் அனில் கபூர். ஆரணில பி.காம் படிச்ச அக்கா டெல்லிக்குப் போய் வக்கீல் வெக்க முடியுமா? திரும்பவும் அதே லிஸ்ட்தான். ஒரு பக்கம் பேரு, இன்னொரு பக்கம் தமிழ்ப் பெண்.

தறி சொல்ற பதில்

பெரியப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவர் லேசாச் சிரிச்சுட்டு தறியைக் காட்டினார். கைத்தறிக்காரன் மாசக்கணக்கா யோசிச்ச டிசைனை விசைத்தறில நாலு நாள்ல நகல் எடுத்துடுவாங்களாம். அதைத் தடுக்கத்தான் 1985-ல் கைத்தறிக்குன்னு சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்துச்சு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்ததும் அதுக்குத்தான். சட்டம் எல்லாத்தையும் தடுக்கல. ஆனா தப்புன்னு சொல்லக் கையில ஒரு பேப்பர் இருக்கு. நெசவாளிக்குச் சங்கம் இருக்கு, கூலின்னு பேசி வெச்ச கணக்கு இருக்கு. புடவைக்குள்ள அவர் பேரு இல்லேன்னாலும் அவர் உழைப்புக்கு ஒரு அடையாளம் இருக்கு. அந்தப் புடவையைக் கட்டி நிக்கிற பொண்ணுக்கு அதுகூட இல்ல.

கல் அச்சு வந்தப்போ முகம் ஒரு தடவை கை மாறுச்சு. இப்போ ஏஐ வந்திருக்கு. அப்போ முகத்தை நகல் எடுத்தாங்க. இப்போ முகத்தை எடுத்து அவ சொல்லாததைச் சொல்ல வைக்கிறாங்க, உடுத்தாததை உடுத்த வைக்கிறாங்க. 2025-ல் ஹெச் அண்ட் எம் நிறுவனம் 30 மாடல்களோட டிஜிட்டல் இரட்டையை உருவாக்கப் போறதா அறிவிச்சப்போ, அந்த நகல் மேல உரிமை மாடலுக்கே, பயன்படுத்தினா காசு உண்டுன்னு சொன்னாங்க. ஆக, செய்ய முடியாத விஷயம் இல்ல. செய்யணும்னு நினைக்கணும். இந்த மாதிரி சாஃப்ட்வேரை நாளைக்கு எழுதப் போறது நம்ம கிளாஸ்ல உக்காந்திருக்கிறவங்கதான். அதனாலதான் இதை இங்க எழுதுறேன்.

அக்காவும் நானும் உக்காந்து ஒரு பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தம் எழுதினோம். வக்கீல் தமிழ் இல்ல, நம்ம தமிழ்தான். உங்க தங்கச்சியோ ஃப்ரெண்டோ போட்டோஷூட்டுக்குக் கிளம்பினா எடுத்துக்கோங்க:

1. எத்தனை மணி நேரம், எத்தனை உடை, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள்ள. நேரம் தாண்டினா தனிக் காசு.
2. படம் எந்தக் கடைக்கு, எதுல எல்லாம் வரும், எத்தனை மாசத்துக்கு. அதுக்கப்புறம் போடணும்னா திரும்பக் கேக்கணும்.
3. இன்னொரு கடைக்கு விக்கக் கூடாது. ஏஐ-ல் மாத்தக் கூடாது. மாத்தணும்னா தனியா எழுத்துல சம்மதம்.
4. உடை மாத்தப் பூட்டுற ரூம். சாப்பாடு, ஓய்வு. கூட ஒரு ஆள் வர அனுமதி. 18 வயசுக்குள்ளன்னா பெத்தவங்க கூடவே இருக்கணும்.
5. போர்ட்ஃபோலியோ, பதிவுக் கட்டணம்னு யாராவது முதல்ல நம்மகிட்டக் காசு கேட்டா, எழுந்து வந்துடணும். வேலை குடுக்கிறவங்கதான் காசு குடுக்கணும்.
6. படம் வர்ற இடத்துல, விருப்பம் இருந்தா, மாடல் பேரு.

இதை எடுத்துக்கிட்டு அக்கா அடுத்த வாய்ப்புக்குப் போனாங்க. பேப்பரைப் பாத்ததும் முதல் கடைக்காரர் வேற ஆள் பாத்துக்கிறேன்னு அனுப்பிட்டார். ரெண்டாவது கடையில ஒரு அம்மா முழுசாப் படிச்சாங்க. ரெண்டு இடத்துல மாத்தச் சொன்னாங்க, அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க. பழைய விளம்பரம் இன்னும் எடுக்கப்படல. சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் குடுத்திருக்கோம், பாக்கலாம்.

புதுப் படம் வந்துச்சு. கீழ் மூலையில, கண்ணாடி போட்டாத்தான் தெரியும், சின்ன எழுத்துல அக்கா பேரு. பெரியம்மா அதை பிரிண்ட் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்காங்க.

லட்சுமிக்குக் கீழ ரவி வர்மா பேரு இருக்கு. நின்னவ பேரு இல்ல.